தொட்டியடியில் பதினாலு குடம்

குஞ்சம்மாள் தொட்டியடிக்குத் தண்ணீர் சுமக்க வந்தது எழுபத்தொன்றாம் வருஷம். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். முதலியார்பேட்டைக்காரி. புருஷன் பலராமன் மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தவன். மில்லில் ஆள் குறைத்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கும்வரை வீட்டை ஓட்டுவதற்காக இவள் குடத்தைத் தூக்கினாள். அவனுக்கு வேலை கிடைத்த பிறகும் இறக்கி வைக்கவில்லை. தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு குடம், இடுப்பில் இன்னொரு குடம். காலில் செருப்பு கிடையாது. ஈரக் கல்லில் செருப்பு வழுக்கும் என்பாள்.

நான் தொட்டியடியின் மேற்கு வரிசையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் காலையில் இரண்டு குடம், மத்தியானம் ஒன்று. அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும்.

தொட்டியடியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. ஆட்கள் இடித்துக்கொண்டுதான் அதில் போக முடியும். உள்ளே இருபது அடி நடந்தால் சட்டென்று வானம் தெரியும். கருங்கல் பாவிய ஒரு சதுர வெளி. சுற்றிலும் தூண் வைத்த பழைய கடைகள். நடுவில் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கல்தொட்டி, எட்டுப் பட்டையாக. தொட்டிக்குள் ஒரு கல் தாமரை. அதிலிருந்து ஒரு காலத்தில் தண்ணீர் பீறிட்டதாகச் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. வயசான கிறிஸ்தவர்கள் அந்த இடத்தைப் பிரெஞ்சில் 'பிளாசு', அதாவது சதுக்கம், என்றார்கள். மற்ற எல்லோருக்கும் தொட்டியடி. பிரெஞ்சுக் கொடி மாறிய அன்றைக்கு ஊர் கூடி நின்றதும் அங்கேதான், தேர்தல் கூட்டங்கள் நடந்ததும் அங்கேதான். எண்பதுகளில் அது முழுக்க வியாபார இடமாகிவிட்டது. பாத்திரம், வளையல், ரெடிமேட் துணி. தொட்டியின் விளிம்பைக்கூட விடாமல் நடைபாதைக் கடைகள் பிடித்திருந்தன.

எண்பத்து மூன்று தொடக்கத்தில் கிழக்கு வரிசையில் நான்கு கடைகளை இடித்தார்கள். ஜவுளிக்கடை தெய்வசிகாமணி முதலியார் அந்த இடத்தை வாங்கியிருந்தார். மூன்று மாடி, அடியில் சரக்கு வைக்க ஒரு அண்டர்கிரவுண்டு. புதுச்சேரியில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். இவர்கள் அதற்கும் கீழே போனார்கள். ஊறுகிற தண்ணீரை இறைக்க ஒரு டீசல் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பகல் முழுக்க ஓடிற்று. அந்தச் சத்தத்தில் நாங்கள் கத்திப் பேசப் பழகிக்கொண்டோம்.

இறைத்த தண்ணீர், குஞ்சம்மாள் குடம் பிடிக்கிற குழாயடிக்குப் பக்கத்திலிருந்த சாக்கடையில் போய் விழும். குடம் நிரம்பும்வரை அவளுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்து கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் மாவு போன்ற ஈர மணல். தினமும் கூடை கூடையாக மணல் வருகிறது, அவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். தோண்டுகிற இடத்தில் மணல் வராமல் என்ன வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்த முறை மணலோடு சின்னச் சின்ன சிவப்புத் துணுக்குகள் இருந்தன. விரலால் நசுக்கினேன். செங்கல். வெள்ளையாக இருந்தது சுண்ணாம்புக் காரை. பழைய கடைகளின் அஸ்திவாரமாக இருக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

அந்த வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவர் தணிகாசலம். ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். வேலையாட்களுக்குக் குடிக்கத் தண்ணீர் குஞ்சம்மாள்தான் ஊற்றுவாள். ஒருநாள் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது அவரிடமே கேட்டாள், செங்கல் எங்கிருந்து வருகிறது என்று. அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். சுற்றிப் பார்த்தார்.

"நீ ஒரு நாளைக்கு எத்தினி நடை இந்தப் பக்கம் போற?"

"நாப்பது இருக்கும்."

"தொட்டிகிட்ட போவாத. சுத்திக்கிட்டுப் போ. நான் சொன்னன்னு யாருகிட்டயும் சொல்லாத."

அதற்கு நாலு நாள் கழித்துத் தணிகாசலம் வேலைக்கு வரவில்லை. கடலூரில் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய கொலுறுக் கரண்டி, மட்டக்கோல் எல்லாம் அப்படியே கிடந்தன. வேறொரு மேஸ்திரி வந்தார். மோட்டார் நிற்கவில்லை.

குஞ்சம்மாள் சுற்றிப் போகவில்லை. சுற்றிப் போனால் ஒரு நடைக்கு எண்பது தப்படி கூடும், தலையில் குடத்தோடு அது முடியாது. ஆனால் அந்த நாளிலிருந்து அவள் காலை வைத்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது, சிந்திய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது பன்னிரண்டு வருஷமாக அவள் பாதத்துக்குத் தெரியும். முன்பெல்லாம் சிந்தின தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடும். ஆவணி வாக்கில் அது தொட்டிப் பக்கம் ஓடத் தொடங்கியது. ஓடி, தொட்டியின் அடிக்கல்லுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த பிளவில் போய் மறைந்தது. தேங்கவே இல்லை.

வடக்கு வரிசையில் மாடியில் தேவதாஸ் முசே குடியிருந்தார்; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ஆட்சியில் 'திராவோ பிப்ளிக்' என்ற கட்டட இலாகாவில் வரைபடம் போட்டவர். எழுபது வயதுக்குமேல். பென்ஷன், தனிக்கட்டை. தினமும் காலையில் குஞ்சம்மாள் அவருக்கு ஒரு குடம் படியேற்றுவாள். தண்ணீர் தொட்டிக்கடியில் போகிறது என்று அவரிடம் சொன்னபோது அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள். தொட்டிக்குக் கீழே ஒரு 'சித்தேர்ன்' இருக்கிறது, அதாவது நிலத்தடி நீர்த்தேக்கம். செங்கல் வளைவு போட்டுக் கட்டியது. இரண்டு ஆள் உயரம். இளைஞனாக இருந்தபோது லாந்தரோடு உள்ளே இறங்கி அவரே அளந்திருக்கிறார். பவுண்டன் நின்றுபோன பிறகு அதை யாராவது மண் போட்டு மூடினார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. மூடாமல் இருந்தால், அதன் கிழக்குச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த மண்ணைத்தான் இந்த மோட்டார் ஆறு மாதமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

தேவதாஸ் முசே உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். மூன்று பக்கம், நீளவாட்டு வெட்டுப்படம் ஒன்று. எல்லாம் பிரெஞ்சில். ஆபீஸ் காரியத்தை அவருக்கு வேறு மொழியில் எழுத வராது. இன்றைக்கு யார் பிரெஞ்சு படிப்பார்கள், தமிழில் ஆக்கிக் கொடு என்று அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா பரீட்சை வரை படித்தவன். அந்த அளவுக்கு வரும்.

இதை நான் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அச்சகத்தில் நோட்டீஸ்கள் மலை மாதிரி வந்து குவிந்தன. தெய்வசிகாமணி முதலியார் கடையின் தள்ளுபடி நோட்டீஸே பத்தாயிரம். மனுவை மேஜையடியில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பத்தொன்பது நாள் அது அங்கேயே இருந்தது. குஞ்சம்மாள் தண்ணீர் ஊற்ற வரும்போதெல்லாம் மேஜையடியைப் பார்ப்பாள். ஒருதடவை மட்டும் கேட்டாள். "ஆச்சா சார்?" இந்த வாரம் ஆகிவிடும் என்றேன்.

இதற்கிடையில் வீராயியோடு ஒரு சண்டை. தொட்டி விளிம்பில் பிளாஸ்டிக் பூ, ரிப்பன், பொட்டு அட்டை விற்கிறவள் வீராயி. வாயாடி, ஆனால் உழைப்பாளி. குழாயடியிலிருந்து வருகிற வழியில் ஒரு முழம் தள்ளித் தார்ப்பாயை விரிப்பாள். ஒருநாள் குஞ்சம்மாள் குடம் தளும்பிப் பொட்டு அட்டையெல்லாம் நனைந்துவிட்டது. இரண்டு பேரும் நின்று கத்தினார்கள். ஒருத்தி மற்றவளின் பிறப்பு வளர்ப்பெல்லாம் இழுத்தாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. தொட்டியடி முழுக்க அது தெரியும்.

தீபாவளிக்கு முன் மூன்று நாள் விடாத மழை. பள்ளத்தில் வேலை நின்றது. ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டு மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்துத் தொட்டியடியில் அமைதி. தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் வெயில் அடித்தது. மூன்று நாளாக முடங்கியிருந்த வியாபாரம் ஒரே நாளில் நடந்தாக வேண்டும். ஏழு மணிக்கே தொட்டியைச் சுற்றி இருபது கடைகளுக்குமேல் போட்டுவிட்டார்கள். எட்டு மணிக்குச் சந்துக்குள் ஆள் நுழைய முடியவில்லை. வில்லியனூர், பாகூர், திருக்கனூர் என்று சுற்றுப்பட்ட ஜனமெல்லாம் வந்து இறங்கியது.

குஞ்சம்மாள் முதல் குடத்தோடு நடுவே நடந்தாள். தொட்டிக்குத் தெற்கே ஒரு கல் உண்டு, மிதித்தால் எப்போதும் டக்கென்று ஆடும். அன்றைக்கு அது ஆடவில்லை. அதற்கு அடுத்திருந்த, ஒருநாளும் ஆடாத நாலு கற்கள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தன. அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். இடுப்புக் குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். அது தொட்டியடிக்கு ஓடிப் பிளவுக்குள் இறங்கியது. அவ்வளவு இரைச்சலிலும், தண்ணீர் எங்கோ ஆழத்தில் போய் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

நேராக மாடியேறித் தேவதாஸ் முசேயிடம் போனாள். அவர் கைத்தடியோடு மெல்ல இறங்கி வந்து, தூணோரம் நின்றபடி தொட்டியைப் பார்த்தார். கல் தாமரை செங்குத்தாக இல்லை, கிழக்கே சாய்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. படம் போட்ட கண்ணுக்குத் தெரிந்தது.

"எல்லாரையும் வெளிய அனுப்பு" என்றார். "இப்பவே."

எப்படி அனுப்புவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முதலில் என்னிடம் வந்தாள். நான் வெளியே வந்து பார்த்தேன். எனக்கு ஈரக் கல்லும் கூட்டமும்தான் தெரிந்தன. ஆனால் மேஜையடியில் மனு இருந்தது. முதலியாரிடம் சொல்லி வருகிறேன் என்று நேரு வீதியிலிருந்த அவர் கடைக்குப் போனேன். அவர் என்னை உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார். மோட்டாரே ஓடவில்லையே, வேலையே நடக்கவில்லையே, பிறகு என்ன ஆபத்து என்றார். தீபாவளி இனிப்பு கொண்டுவரச் சொன்னார். நான் அதைத் தின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது மணி பதினொன்று.

அதற்குள் குஞ்சம்மாள் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்லிப் பார்த்திருந்தாள். தொட்டி இறங்குது, எழுந்து தூண் பக்கம் போங்க என்று. சிலர் சிரித்தார்கள். வழி வேண்டும் என்பதற்காக இவள் கதை கட்டுகிறாள் என்றார்கள். வீராயி சண்டை நினைவில் இருந்ததால் அதை நம்புவதும் எளிதாக இருந்தது. ஒரு பனியன் வியாபாரி, வருஷத்துக்கு ஒருநாள், அதையும் கெடுக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

குஞ்சம்மாள் குழாயடிக்குப் போனாள். இரண்டு குடத்தையும் நிரப்பினாள். கொண்டுவந்து பனியன் கடைக்கு முன்னால் தரையில் கவிழ்த்தாள். துணி நனைந்துவிடும் என்று அவர் அலறிக்கொண்டு மூட்டையைக் கட்டினார். அவள் திரும்பிப் போனாள். அடுத்த இரண்டு குடம். இரண்டு இரண்டாக. மூன்று நாள் மழையில் ஊறிய மண்ணும் இந்தத் தண்ணீரும் சேர்ந்து தொட்டியைச் சுற்றிக் கணுக்கால் சேறு. ஜவுளிக்காரர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு மேற்குத் தூண்களுக்குக் கீழே ஓடினார்கள். புதுத்துணிப் பையோடு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். பைத்தியம் என்றார்கள். எவனோ தேங்காய் ஓட்டை எறிந்தான். அது அவள் தோளில் பட்டது. நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் ஒரு குடம் தூக்கவும் இல்லை, அவளைத் தடுக்கவும் இல்லை.

கடைசியில் விளிம்பில் வீராயி மட்டும் உட்கார்ந்திருந்தாள். சேறு அவளுக்கு எட்டவில்லை.

"எந்திரி வீராயி" என்றாள் குஞ்சம்மாள். சண்டைக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீ யாருடி என்னை எந்திரிக்கச் சொல்ல?"

"ஒன் கால்ல வேணா உழறேன். எந்திரிச்சிடு."

"உழு, பாக்கலாம்."

குஞ்சம்மாள் விழவில்லை. தலைக்குடத்தை எடுத்து, ரிப்பன், பூ, பொட்டு அட்டை எல்லாவற்றின்மேலும் ஊற்றினாள். பிறகு இடுப்புக் குடத்தை வீராயியின் தலையிலேயே கவிழ்த்தாள். வீராயி அவள் முடியைப் பிடித்துத் தொட்டியிலிருந்து தூண்வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கேதான் போலீஸ்காரர் ஒருவர் இரண்டு பேரையும் பிரித்தார். குஞ்சம்மாளை மார்க்கெட் முனையில் இருந்த அவுட்போஸ்டுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார். வீராயி நனைந்த சரக்கைப் பிழிந்துகொண்டு தூணடியில் நின்று அழுதாள்.

பன்னிரண்டேகாலுக்கு அது நடந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வண்டி நிறைய ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. கல்தொட்டி முழுசாக, உடையாமல், அப்படியே கீழே போனது. தாமரையின் நுனி ஒரு கணம் தரைமட்டத்தில் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சுற்றியிருந்த கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகுப்புற உள்ளே விழுந்தன. கிழக்குப் பக்கம் கிழிந்து பள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. மேற்கே சரிவு எங்கள் அச்சகத்துப் படிக்கு முன்னால் வந்து நின்றது.

சேற்றைப் பொருட்படுத்தாமல் நடுவே குறுக்காகப் போனவர்கள் ஏழு பேர் உள்ளே விழுந்திருந்தார்கள். தூணில் கயிறு கட்டியும் புதுச் சேலைகளை முடிச்சுப் போட்டும் ஆறு பேரைத் தூக்கினோம். வேட்டி வாங்க வந்த ஒரு கிழவர் கல்லுக்கடியில் போய்விட்டார். இராமதாஸ் என்று ஒருவர், பாகூர்ப் பக்கம் பம்ப்செட் மெக்கானிக், விழுந்த ஏழு பேரில் சேர்ந்தவர் அல்ல. விளிம்பில் பத்திரமாக நின்றவர். கிழவரைத் தூக்கக் கீழே இறங்கினார். அவர் நின்ற வளைவும் உட்கார்ந்துவிட்டது.

அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த இடத்தில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிய பேச்சு வேறு. தண்ணிக்காரி ஒருத்தி குடம் குடமாக ஊற்றி மண்ணை இளக்கிவிட்டாள், தொட்டியடியையே இறக்கிவிட்டாள், இரண்டு உயிரைக் குடித்துவிட்டாள். யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலியார் கடை ஆட்கள் அதை ஓயாமல் சொன்னார்கள் என்பது தெரியும்.

பலராமன் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். முதலியார்பேட்டையில் அவர்கள் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மறுநாள் தீபாவளி. அவர்கள் வீட்டு வாசலில் எவரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் சாந்தி அதைக் கழுவினாள். அம்மாவை வெளியே வர விடவில்லை.

குஞ்சம்மாளை வதைத்தது சாணி இல்லை. ஊர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற எண்ணம். எல்லோரையும் காப்பாற்றுகிறோம் என்று ஊற்றிய தண்ணீர்தான் அந்தக் கடைசிப் பிடியை விட வைத்ததோ? நான் பார்க்கப் போனபோது அதைத்தான் கேட்டாள். மூன்று நாள் மழைக்கு முன்னால் உன் குடம் எந்த மூலைக்கு என்றேன். அது எனக்கே சமாதானமாகப் படவில்லை. தேவதாஸ் முசேயும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, விழப்போவது எப்படியும் விழுந்திருக்கும், அன்றைக்கா அடுத்த வாரமா என்பதை எவனாலும் சொல்ல முடியாது என்றார். பெரியவர் அவள் ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

தை மாதத்தில் விசாரணை நடந்தது. முதலியார் தரப்பு வக்கீல் அவளை நிற்க வைத்துக் கேட்டார், எத்தனை குடம் ஊற்றினாய் என்று. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்லச் சொல்லிப் பலராமன் கெஞ்சியிருந்தான்.

"பதினாலு" என்றாள்.

வக்கீல் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். எழுதிக்கொள்ளச் சொன்னார். அவள் தலை குனியாமல் நின்றாள்.

தேவதாஸ் முசே வரைபடத்தை விரித்தார். மனுவில் தேதி இருந்தது, புரட்டாசி மாதத்துத் தேதி. இது ஏன் யாரிடமும் போய்ச் சேரவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் எழுந்து, என் மேஜையடியில் பத்தொன்பது நாள் இருந்தது என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். கடலூரிலிருந்து தணிகாசலம் மேஸ்திரியைத் தேடிப்பிடித்து வரவழைத்திருந்தார்கள். பள்ளத்தின் மேற்குச் சுவரில் பழைய செங்கல் கட்டடம் பிதுங்கிக்கொண்டு வந்ததையும், முதலாளியிடம் சொன்னதையும், பலகை வைத்து மறைக்கச் சொன்னதையும் அவர் சொன்னார். பயந்து ஓடிவிட்டேன் என்று அவரே சொன்னார்.

கடைசியாக, யாரும் கூப்பிடாமல் வீராயி வந்து நின்றாள். சாட்சிப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்றார்கள். இல்லாவிட்டால் என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கும் இவளுக்கும் ஆவாது. இப்பவும் ஆவாது. எந்திரின்னு சொன்னா, நான் எந்திரிக்கல. தலையில ஊத்தனா. அடிக்கணும்னு எந்திரிச்சி அவளை இழுத்துக்கிட்டு வந்தேன். அதனாலதான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கேன். எழுதிக்கிங்க."

மோட்டார் மண்ணை உறிஞ்சியதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதி, முதலியார்மீது வழக்குப் போட்டார்கள். அது வாய்தா வாய்தாவாக எண்பத்தேழு வரை நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் இடத்தை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பள்ளத்தை மண் அடித்து மூடி மேலே காங்கிரீட் போட்டார்கள். தொட்டியைத் தோண்டி எடுக்க யாரும் முனையவில்லை. இப்போது அங்கே ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. தீபாவளிக் கூட்டம் அடுத்த வருஷமே திரும்பி வந்துவிட்டது.

குஞ்சம்மாள் திரும்பி வரவில்லை. தட்டாஞ்சாவடியில் சோப்புக் கம்பெனி ஒன்றில் பாக்கெட் ஒட்டுகிற வேலைக்குப் போனாள். நல்ல இடம், உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் தூக்கம் கெட்டுப்போனது. நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று நின்று தரையைப் பார்ப்பாள் என்று சாந்தி சொன்னாள்.

எண்பத்தைந்து பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஐந்து வயதுப் பெண்குழந்தை. பெயர் வசந்தா. பாகூர் இராமதாசின் மனைவி. குஞ்சம்மாள் கதவோரம் ஒதுங்கி நின்றாள். வந்தவள் தானாகவே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அடிக்கவோ ஏசவோ வரவில்லை, ஒன்று கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றாள். ஒன்றரை வருஷமாகக் கேட்க வேண்டும் என்றே இருந்ததாம்.

"நீங்க தண்ணி ஊத்தாம இருந்திருந்தா, அது உழுந்திருக்குமாக்கா?"

ஆமாம், எப்படியும் விழுந்திருக்கும் என்று குஞ்சம்மாள் சொல்லியிருக்கலாம். விசாரணையில் அப்படித்தானே எழுதினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல."

வசந்தா தலையை ஆட்டினாள். குழந்தை அதற்குள் அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தது. அதன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள், "எல்லாரும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னுதான் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு பக்கம்."

கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். சாந்தி தட்டுப் போட்டாள். வசந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிட்டாள். வெயில் தாழ்ந்த பிறகு குழந்தையை எழுப்பினார்கள். கடலூர் ரோட்டில் பஸ் நிற்கிற இடம்வரை குஞ்சம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். பாகூர் பஸ் வர நேரமாயிற்று. இரண்டு பேரும் ஒரு சோடாக்கடை நிழலில் நின்றார்கள். பஸ் வந்ததும் குழந்தையை வசந்தாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியதாகக் குஞ்சம்மாள் என்னிடம் சொன்னாள்.